நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த முகாம் பொருட்கள்: கூடாரம் தாங்கியது, குளிர் தாங்கவில்லை

கடந்த பெப்ரவரியில் எமது தோட்ட இளைஞர் கழகத்தைச் சேர்ந்த 14 பிள்ளைகளை ஹோட்டன் சமவெளிக்கு அருகிலுள்ள ஒஹியப் பக்கம் இரண்டு இரவு முகாமுக்கு அழைத்துச் சென்றோம். சொந்தமாகக் கூடாரம் வாங்கும் வசதி எவருக்கும் இல்லாததால், ஆறு கூடாரங்களையும் 16 ஸ்லீப்பிங் பேக்குகளையும், தரையில் விரிக்கும் மெல்லிய விரிப்புகளையும், இரண்டு எரிவாயு அடுப்புகளையும் நுவரெலியா நகரிலுள்ள ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம்.

கடைக்காரர் பொருட்களைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. பின்முற்றத்தில் ஒவ்வொரு கூடாரத்தையும் எங்கள் பிள்ளைகளைக் கொண்டே அடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் கம்பி பிளந்திருப்பதும் இன்னொன்றில் நான்கு முளைகள் குறைவதும் அப்போதுதான் தெரியவந்தன. இரண்டையும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். இருட்டிலும் மழையிலும் முதன்முதலாக ஒரு கூடாரத்தைப் பிரிக்கும் பிள்ளைகள் எவ்வளவு திண்டாடுவார்கள் என்பதை அறிந்தவன் என்ற முறையில், அந்த ஒரு மணி நேரத்தை இந்தக் கடையின் மிகப் பெரிய சேவையாகக் கருதுகிறேன்.

கூடாரத்தின் வெளிமூடியில் 3000 மில்லிமீற்றர் என்று குறிக்கப்பட்டிருந்தது. துணி கசியாமல் தாங்கக்கூடிய நீரின் உயரத்தையே அந்த எண் சொல்கிறது. முதல் நாள் மாலை கொட்டிய மழையில் மேலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஒரு கூடாரத்தில் மட்டும் அடியில் நீர் தேங்கியது. அது கடையின் குறையன்று. கீழே விரித்த படங்கின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், மூடியில் வழிந்த மழை முழுவதும் படங்கில் விழுந்து உள்ளே ஓடியது. படங்கைக் கூடாரத்தின் அடியை விடச் சற்றுச் சிறிதாக மடித்து விரித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

என் மனக்குறை ஸ்லீப்பிங் பேக்குகளைப் பற்றியது. "பத்துப் பாகை வரை தாங்கும், நுவரெலியாவுக்குப் போதும்" என்று சொல்லித் தந்தார்கள். பையினுள் தைத்திருந்த சீட்டை முகாமில் வாசித்தபோதுதான், அந்த 10 பாகை என்பது ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை என்பதும், நிம்மதியாக உறங்குவதற்கான அளவு 15 பாகை என்று தனியாக எழுதப்பட்டிருப்பதும் கண்ணில் பட்டன. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவிலும் அம்பேவெலயிலும் புல்லில் உறைபனி படியும் இரவுகள் உண்டு என்பது அந்த ஊர்க் கடைக்காரருக்குத் தெரியாத செய்தியா? முதல் இரவு நான்கு பிள்ளைகள் நடுங்கியபடி விழித்திருந்தார்கள், அவர்களுள் இளையவளுக்கு வயது 13. இதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

விரிப்புகளும் மிக மெல்லியவை. படுப்பவரின் பாரத்தில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால், கீழிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது விரிப்பின் வேலையாகிறது. தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் பாட்டியின் பழைய கம்பளியை மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மறுநாள் இரவு அதைப் போர்த்தாமல் அடியில் விரிக்கச் சொன்னேன். இருவரும் விடியும் வரை உறங்கினார்கள்.

அடுப்புகள் பரவாயில்லை. பியூட்டேன் நிரப்பிய குப்பி என்பதால், விடியற்காலைக் குளிரில் தீ சோர்ந்துதான் எரிந்தது. குப்பியைச் சிறிது நேரம் சட்டைக்குள் அணைத்து வைத்திருந்த பிறகு தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது. எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்க நான் எவரையும் அனுமதிக்கவில்லை. அடுப்பு எரியும்போது மூடிய இடத்தில் சேரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வாசனையின்றியே உயிரைப் பறிக்கும்.

இரண்டாம் நாள் ஹோட்டன் சமவெளிக்கு நடக்கும் திட்டம் இருந்ததால், நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளைக் களைந்துவிடுவார்கள் என்று கடைக்காரர் முன்கூட்டியே எச்சரித்தது பேருதவியாயிற்று. சாப்பாட்டை டப்பாக்களில் கட்டிக்கொண்டோம். அட்டைக்கடிக்கான நீண்ட காலுறைகள் அவரிடம் இல்லை. அவற்றை வேறெங்காவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொருட்களைத் திருப்பிக் கொடுத்தபோது பைச் சீட்டைக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் மறுத்துப் பேசாமல் இரண்டு எண்களையும் வாசித்துவிட்டு, விரிப்புகளுக்கான வாடகையைக் கழித்துக்கொண்டார். கூடாரங்களுக்காக மீண்டும் அங்கேயே போவேன். ஏப்ரல் வசந்த காலத்தில் நகரம் நிரம்பிவிடும் என்பதால், அப்போது போகிறவர்கள் முன்னரே பதிவு செய்துகொள்வது நல்லது.