அலாய் வீல் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள், எனக்கு 52,500 ரூபாய் போச்சு

கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயரைப் போடவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். கோவையில் இருக்கும் கடை, தினம் இரண்டு ரீல்ஸ் போடும் அலாய் வீல் கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வண்டி 2015 ஹோண்டா சிட்டி. கம்பெனி போட்டுக் கொடுத்தது வீல் கவர் மாட்டிய 15 இன்ச் இரும்பு வீல், 175/65 டயர் (அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்). ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எனக்குத்தான் ஆசை, 16 இன்ச் அலாய் கேட்டுப் போனேன்.

அங்கே நடந்ததை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைப் பையன் முன் சக்கரத்தைக் கழற்றி, புது வீலைத் தூக்கி மாட்டிக் காட்டினான். நாலு போல்ட்டிலும் சொருகியது போல ஏறியது. "பாருங்ண்ணா, பிசிடி நூறு. பிசிடி செட் ஆயிடுச்சுன்னா எல்லாமே செட் ஆயிடும்" என்றான். அதாவது நாலு போல்ட்டும் நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையைக் காட்டித்தான் மீதி எல்லாவற்றையும் மறைத்தார்கள். "பின்னாடி மூணு பேர் உட்கார்ந்தா டயர் பாடில உரசாதா தம்பி?" என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். முதலாளியே எழுந்து வந்து, போனில் இதே வீல் போட்ட இன்னொரு சிட்டியின் போட்டோவைக் காட்டினார். "நம்ம கஸ்டமருங்க, ஒரு வருஷமா ஓடுது." ஆள் இல்லாமல் நிற்கிற வண்டியின் போட்டோ. அதைப் பார்த்து நம்பினேன்.

வீலும் 205/55 டயரும் சேர்த்து 52,500 ரூபாய். பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு அதற்குக் கழித்தது போக என் கையிலிருந்து போனதே இந்தத் தொகை. பழையதில் இரண்டு டயர் போட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மொத்தமும் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் சீட்டு.

அந்த ஞாயிறு சேலத்தில் வளைகாப்பு. ஐந்து பேர் கிளம்பினோம். அவிநாசி தாண்டி எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பெருந்துறை பக்கம் ஒரு பாலத்து இணைப்பில் இறங்கியதும் பின்னால் கர்ர்ர் என்று சத்தம். "என்ன சாமி, அரைக்குது?" என்றார் அம்மா. இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில் சுற்றிலும் ஒரு வெட்டுக் கோடு, ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடித் தகடு) விளிம்பு கிழித்தது. அங்கிருந்து சேலம் வரை ஐம்பதிலேயே போய், சீர்த்தட்டை எடுத்து வைத்த பிறகு போய்ச் சேர்ந்தோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். "புது டயருங்ண்ணா, ஐநூறு கிலோமீட்டர் ஓடினா சரியாயிடும்." புதன்கிழமை மறுபடி போனதற்கு சக்கரம் சமமாகச் சுழல வீலில் ஒட்டும் பேலன்ஸ் வெயிட் இரண்டை ஒட்டி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, ரோடு சரியில்லையாம். உரசலுக்கு என்ன வழி சொன்னார்கள் தெரியுமா? ஃபெண்டர் விளிம்பைச் சுத்தியால் அடித்து உள்ளே மடக்கிவிடலாமாம். என் வண்டியை!

அப்புறம் எங்கள் ஏரியாவில் இருபது வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் சக்கரத்தைக் கழற்றும்போதே ஒரு நட்டு கையாலேயே சுழன்று வந்துவிட்டது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். "அடியைப் பாருங்க, உருண்டையா இருக்குதா? இது ஹோண்டா நட்டு, ஹோண்டா வீலுக்குத்தான். இந்த அலாயில குழி கூம்பா இருக்குது. உருண்டை கூம்புல எங்கீங்க உட்காரும்?" குழியைப் பார்த்தேன். நட்டு அழுந்தி உட்கார்ந்த தடம் இல்லை, நூல் போல ஒரு பளபளப்பு வளையம் மட்டும். அதை நம்பித்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறேன்.

டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை எடுத்து ஹப்பில், அதாவது வீல் போய் உட்காரும் நடுப் பகுதியில், மாட்டிக் காட்டினார். நடு ஓட்டை ஹப்பைக் கவ்விப் பிடித்தது. சிட்டிக்கு அது 56.1 மில்லிமீட்டர். அலாயின் நடு ஓட்டை 73.1. எல்லா வண்டிக்கும் விற்கலாம் என்று பெரிதாகவே செய்து விடுகிறார்களாம், இடைவெளிக்கு ஹப் ரிங் போட வேண்டுமாம். போடவில்லை. அந்தச் சந்தில் பென்சிலை நுழைத்துக் காட்டினார். ரிங்கும் இல்லை, நட்டும் சரியாக உட்காரவில்லை என்றால் வீல் நடுவில் நிற்காது. எத்தனை வெயிட் ஒட்டினாலும் நடுக்கம் போகாது. ஒரு செட் ரிங் சில நூறு ரூபாய்தான். 52,500 வாங்கியவனுக்கு அதைப் போட மனசு வரவில்லை.

உரசலுக்குக் காரணம் ஆஃப்செட், அதாவது வீல் ஹப்பில் ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவு. அலாயின் உள்பக்கம் 7J, ET 38 என்று அச்சாகியிருந்தது. J என்றால் இன்ச்சில் வீல் அகலம், ET என்றால் ஆஃப்செட். கம்பெனி வீல் அகலம் ஐந்தரை இன்ச், ET எண்ணும் இதைவிட அதிகம். ET குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வெளி விளிம்பு பழைய இடத்தைவிட ஒரு இன்ச்சுக்கு மேல் வெளியே நிற்கிறது. டயரும் தப்பு. 175/65 R15 டயரின் உயரம் 608 மில்லிமீட்டர் சொச்சம், 185/55 R16 போட்டிருந்தால் 610, ஏறக்குறைய அதேதான். இவர்கள் போட்ட 205/55 R16 கிட்டத்தட்ட 632. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு போனதைவிட நாலு கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் சொல்லி முழுப் பணத்தையும் பழைய செட்டையும் கேட்டேன். பழைய செட் அன்றைக்கே விற்றாயிற்றாம். புதுசு "யூஸ் பண்ணின சரக்கு"ங்கிறதால் 18,000 தருவாராம். 52,500க்கு 18,000! அவர்கள் ரீல்ஸுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், அரை மணி நேரத்தில் அழித்துவிட்டு பிளாக். வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பிசிடி மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நடு ஓட்டை, J, ET மூன்றையும் உங்கள் பழைய வீலோடு ஒப்பிடுங்கள், கழற்றித் திருப்பினால் பெரும்பாலும் அங்கேயே அச்சாகியிருக்கும். வீலுக்கு ஏற்ற நட்டு கேளுங்கள். நட்டின் மரையும் பாருங்கள், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மாருதிக்கு 1.25 மில்லிமீட்டர், ஹோண்டாவுக்கு 1.5. நாலு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய செட்டை அன்றைக்கே விட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள். நான் 1915-இல், நுகர்வோர் ஹெல்ப்லைனில், புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

இதை எழுதும் நடுவில் மனைவி போனிலிருந்து கடைக்கு அடித்துப் பார்த்தேன். பையன்தான் எடுத்தான். "முதலாளி சாப்பிடப் போயிருக்காருங்ண்ணா" என்கிறான். மணி காலை பத்தே முக்கால்.