உப்புக்காத்து ஊர்ல கிச்சன் குழாய்: பித்தளையா, எஸ்எஸ்ஸா, பிளாஸ்டிக்கா?

போன ஆடியில எங்க வீட்டு கிச்சன் குழாய மாத்தினோம், ஏழு வருசத்துல இது மூணாவது குழாய். வீடு கீழக்கரையில, கடலுக்கு ரெண்டு தெரு உள்ள தள்ளி. போர் தண்ணியும் உப்பு, கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னலத் திறந்தா காத்தும் உப்பு. அதனால மதுரையில கோயம்புத்தூர்ல இருக்கவங்க நல்லாருக்குன்னு சொல்ற குழாய் நமக்கு அப்படியே ஒத்து வரும்னு நம்பி வாங்கிடக் கூடாது. மூணு வகையும் எங்க வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ ஓடிட்டு இருக்கு, அதான் எழுதுறேன். இப்ப போட்டிருக்கது பித்தளையில குரோம் பூசுன வால் மவுண்ட் சிங்க் காக், அதாவது செவுத்துல மாட்டுற சிங்க் குழாய், கால் சுத்துல திறக்குற குவார்ட்டர் டர்ன். என் ஓட்டும் அதுக்குத்தான்.

நம்ம பக்கத்து காத்து எப்படின்னு தெரியணும்னா, காரைக்குடியில இருக்கிற சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் இரும்பு துருப்பிடிக்கிறத ஆராயுறதுக்குன்னே மண்டபத்துல நிலையம் வச்சிருக்கு, அது ஒண்ணு போதும். 2025ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கே கான்கிரீட்டுக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டாங்க. பாலத்துக்கே அந்த நிலைமைன்னா நம்ம கிச்சன் குழாய் எம்மாத்திரம்.

பிளாஸ்டிக்க சீக்கிரம் முடிச்சிடுறேன். உப்பு அத ஒண்ணும் பண்ணாது, விலையும் கம்மி, கொல்லப்புறத்துல போட்டது ஆறு வருசமா ஓடுது. ஆனா வெயில் படுற இடத்துல நாளாக நாளாக நொறுங்குற மாதிரி ஆயிடும். கிச்சன்ல என்ன பிரச்சனைன்னா நீள மூக்கு உள்ள குழாய ஒரு நாளைக்கு நூறு தடவ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புறோம், பெரிய சட்டி அதுல இடிக்குது, அந்த ஆட்டத்துல திருப்புற இடம் லூசாகி ஒழுக ஆரம்பிச்சிடும். வாடகை வீடு, இல்ல நல்ல தண்ணிக்கு தனியா ஒரு குழாய்னா யோசிக்காம பிளாஸ்டிக்கே போடலாம். எங்க வீட்டுலயும் காவிரித் தண்ணி தொட்டிக்கு அதான் இருக்கு.

அடுத்து எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க, பாக்கவும் அழகா இருக்கு, பூச்சு கிடையாதுங்கிறதால உரியுற பேச்சே இல்ல. ஆனா எஸ்எஸ்லயே தரத்துக்கு நம்பர் உண்டு, 304 வேற 316 வேற. 316ல மாலிப்டினம்னு ஒரு உலோகம் ரெண்டுல இருந்து மூணு சதவீதம் சேர்க்குறாங்க, உப்ப தாங்குறது அதுதான். கடையில குழாய்னு கிடைக்கிறது பெரும்பாலும் 304, அதுலயும் விலை கம்மியான 202 கலந்து வருது. காந்தம் ஒட்டலன்னா 304ன்னு கடைக்காரர் சொன்னா நம்ப வேணாம், 202லயும் காந்தம் சரியா ஒட்டாது. பெரியபட்டினத்துல எங்க லாத்தா (அக்கா) வீட்டுல 304 போட்டு ஒன்றரை வருசம் ஆகுது, உடம்பு நல்லாத்தான் இருக்கு, செவுத்துல சேர்ற இடத்துல மட்டும் டீக்கற மாதிரி பழுப்புப் புள்ளி வந்திருக்கு, ஸ்டீல் நார் போட்டு தேச்சதுல இன்னும் கூடிருச்சு, நார்ல இருந்து உதிர்ற இரும்புத் தூள் அதுமேல ஒட்டி துருப்பிடிக்கிறது வேற. ஸ்பான்ச் போட்டு தேச்சு துணியால தொடச்சா போதும். ஒன்றரை வருச அனுபவத்த வச்சு எஸ்எஸ் ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், பத்து வருசம் கழிச்சு லாத்தா வீட்டுக் குழாய்தான் ஜெயிச்சிருக்குமோ என்னவோ.

அப்புறம் ஏன் பித்தளைன்னா, அதுக்குக் காரணம் குழாயோட உடம்பே இல்ல, உள்ள இருந்து தண்ணிய திறந்து மூடுற ஸ்பிண்டில்.

எங்க ரெண்டாவது குழாய மச்சான் துபாய்ல இருந்து வரும்போது கொண்டு வந்தாங்க, வாய இழுத்தா ஷவர் மாதிரி வெளிய வர்ற, சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலக்குற மிக்சர் குழாய். பொருள் நல்ல பொருள்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த மாதிரி குழாயெல்லாம் நல்ல பிரஷருக்கு செஞ்சது. பத்து மீட்டர் உயரத்துல தண்ணி இருந்தாதான் ஒரு பார் பிரஷர் வரும், நம்ம மாடித் தொட்டி குழாய்க்கு மேல மூணு மீட்டர் இருந்தா அதிகம், அதனால நூல் மாதிரி ஊத்துச்சு, ஒரு பானை நிறையுறதுக்குள்ள உம்மாவுக்கு கால் கடுத்துடும். ரெண்டாவது வருசம் லிவர் இறுக ஆரம்பிச்சுது, அப்புறம் சொட்டுச் சொட்டா ஒழுகுச்சு. கழட்டிப் பாத்தா, அந்த மாதிரி குழாயில ஸ்பிண்டில் வேலைய செய்ற கார்ட்ரிட்ஜ்க்குள்ள செராமிக் தட்டு ரெண்டுக்கும் நடுவுல வெள்ளையா காரை மாதிரி உப்பு படிஞ்சு, ஒரு தட்டுல கோடு விழுந்திருக்கு. அந்தத் தட்டு ரெண்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்து இருந்தாத்தான் தண்ணி நிக்கும், ஒரு மணல் போதும் கீறுறதுக்கு. சரி, கார்ட்ரிட்ஜ் மட்டும் மாத்திக்கலாம்னு கீழக்கரையில கேட்டேன், ராம்நாட்டுல நாலு கடை ஏறி இறங்கினேன், மதுரைக்குப் போன தம்பிகிட்டயும் குடுத்து விட்டேன். ஒண்ணு அகலம் சரியா இருந்தா கீழ ஓட்டை மாறுது, ஓட்டை சரியா இருந்தா லிவர் மாட்டுற தண்டு நீளம் பத்தல. பத்தாயிரத்துக்கு மேல பெறும்னு சொன்ன குழாய், முந்நூறு ரூபா சாமான் கிடைக்காம இப்ப ஸ்டோர் ரூம்ல கெடக்கு.

அதனால மூணாவது வாங்கப் போனப்ப ப்ளம்பர் அண்ணன் ஒண்ணு சொன்னாங்க, "தம்பி, குழாய பாக்காதீங்க, இதுக்கு ஸ்பிண்டில் தனியா இருக்கான்னு கேளுங்க, எடுத்து மேசையில வச்சா மட்டும் வாங்குங்க." நான் அப்படியே கேட்டேன். ஜாக்குவார், பாரிவேர், செரா மாதிரி பேரு உள்ள கம்பெனி பித்தளைக் குழாய்க்கு ஸ்பிண்டில் தனியா விக்கிறாங்க. எஸ்எஸ் குழாய் காட்டுன கடையில, பேரு தெரியாத கம்பெனி மாடலுக்கு, "பழுதானா முழுசா மாத்திக்கங்க"ன்னாங்க. அங்கேயே முடிவு பண்ணிட்டேன். பேருள்ள கம்பெனி எஸ்எஸ்ஸுக்கு ஸ்பிண்டில் எடுத்து வச்சிருந்தாங்கன்னா ஒருவேளை அதையே வாங்கியிருப்பேன். இன்னொண்ணு, ஸ்பிண்டில் எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், தலையில கைப்பிடி மாட்டுற பல்லு எண்ணிக்கை கம்பெனிக்கு கம்பெனி மாறும். பழச கையோட எடுத்துட்டுப் போங்க, வாயால சொல்லி வாங்கிட்டு வந்தா திரும்ப ஒருக்கா பஸ் ஏறணும்.

பித்தளைன்னு சொல்லி ஏமாத்துறதும் உண்டு. எங்க முதல் குழாய் அப்படித்தான், ஆன்லைன்ல பளபளன்னு வந்துச்சு, உள்ள துத்தநாகக் கலவை. ஒன்றரை வருசத்துல குரோம் கொப்புளம் கொப்புளமா எழும்பி தோல் மாதிரி உரிஞ்சுது, கழட்டும்போது மரை செவுத்துக்குள்ளேயே முறிஞ்சு மாட்டிக்கிச்சு, டைல்ஸ உடைக்க வேண்டியதாப் போச்சு. கையில தூக்கிப் பாத்தாலே பித்தளை நல்லா கனக்கும், மரைக்கு உள்பக்கம் பூச்சு இல்லாத இடத்துல மஞ்சளா தெரியும். நல்ல பித்தளையும் சாகாவரம் வாங்கி வரல, உப்புத் தண்ணி அதுல இருக்கிற துத்தநாகத்த கொஞ்சம் கொஞ்சமா தின்னு செம்பு நிறத்துல பொத்தலாக்கும், ஆனா தடிப்பான உடம்புன்னா அதுக்கு வருசக்கணக்கா ஆகும்.

கால் சுத்துக் குழாயா, பழைய மாதிரி சுத்திச் சுத்தி திறக்குற வாஷர் குழாயான்னு எனக்கே கொஞ்சம் குழப்பம் இருந்துச்சு. மணல் வர்ற தண்ணிக்கு வாஷர்தான் தாங்கும், நம்மளே மாத்திக்கலாம். ஆனா உம்மா மீன் ஆஞ்சுட்டு செதிலும் ரத்தமுமா இருக்கிற கையோட மணிக்கட்டால தட்டித் திறக்குறாங்க, அது லிவர்ல மட்டும்தான் முடியும். அதுக்காகவே குவார்ட்டர் டர்ன் எடுத்தேன், மணலுக்கு மாடித் தொட்டியில இருந்து வர்ற பைப்புல ஒரு வலை ஃபில்டர் போட்டாச்சு.

மாட்டும்போது ரெண்டு விஷயத்த விட்டுடாதீங்க. செவுத்துல இருந்து குழாய்க்கு வர்ற நிப்பிள் (சின்ன இணைப்புத் துண்டு) ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு, வேணாம், பித்தளையே கேளுங்க, இரும்பும் பித்தளையும் உப்புத் தண்ணியில சேர்ந்தா இரும்பு வேகமா அரிச்சுப் போகும். கிச்சன் லைனுக்குன்னு தனியா ஒரு வால்வு வச்சிடுங்க, ஸ்பிண்டில் மாத்துறப்ப மாடித் தொட்டிய காலி பண்ண வேண்டியது இல்ல.

வாயில இருக்கிற சல்லடை மாசத்துக்கு ஒரு தடவ அடைக்கும், கழட்டி வினிகர்ல அரை மணி நேரம் போட்டு பழைய பிரஷ்ஷால தேச்சா வெள்ளப் படிவம் கரைஞ்சு வந்துடும். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, குரோம் மங்கிடும். பாத்ரூம் கழுவுற ஆசிட் பக்கத்துலயே வரக் கூடாது, குரோம், எஸ்எஸ் ரெண்டையும் அது கெடுத்துடும்.

குழாய் 1,850 ரூபா ஆச்சு, கூடவே ஒரு ஸ்பிண்டில் 260க்கு வாங்கி பில்லோட சேர்த்து பாலிதீன் கவர்ல கட்டி கரண்டி டிராயர்ல வச்சிருக்கேன். அந்த மாடல் கடைய விட்டுப் போனாலும் ஒரு தடவைக்கு கவலை இல்ல.