பிசிக்ஸ் பிள்ளையளுக்கு மாசம் 2000 குடுத்துப் பாத்தன்

கம்பஸ் முடிச்சிட்டு வெளிநாட்டில போய் இரிக்கிற நம்மட ஆக்கள் கொஞ்சப் பேர் சேந்து ஒரு நிதி நடத்துறாங்க, பிசிக்ஸும் வானியலும் படிக்கிற பிள்ளையளுக்கு மட்டும். பேர் போட மாட்டன், ஏனெண்டா குறையும் சொல்லப் போறன். ஒரு வருசமா மாசம் 2000 போட்டு வாறன். மெடிசின் கிடைச்ச பிள்ளைக்கு ஊரே சேந்து உதவும், கோயில்லயும் மால போடுவாங்க. பிசிக்ஸ் எண்டா "படிச்சிட்டு ரியூசன் குடுக்கப் போறியா" எண்டு கேக்கிற ஊர் இது, அந்தக் கோவத்திலதான் சேந்தன்.

ஃபோம்ல காசு எதுக்குப் போகணும் எண்டு கேட்டிரிக்கும். நான் போர்டிங், சாப்பாடு எண்டுதான் போட்டன், கிழக்குப் பல்கலைக்கழகம் இரிக்கிற வந்தாறுமூலையில ரூம் எடுத்து இரிக்கிற பிள்ளையள் படுற பாடு தெரியும்தானே. மறுகா அந்த நிதியில வேல செய்யிற ஒரு தம்பி கோல் எடுத்து, "அண்ண, வெளிநாட்டு அப்ளிகேசனுக்கு எண்டு மாத்த ஏலுமா" எண்டு கேட்டான். விளங்கப்படுத்தின பிறகுதான் எனக்கே புரிஞ்சிச்சி. அமெரிக்காவில பிசிக்ஸ் பிஎச்டிக்கு இடம் கிடைச்சா அனேகமா படிப்புக் காசு கட்டத் தேவல்ல, லெப் வகுப்பு எடுத்துக் குடுக்கிறதுக்கு மாசாமாசம் அவங்களே காசு தருவாங்க. ஆனா அதுக்கு முன்ன ஒரு கம்பஸுக்கு அப்ளை பண்ணவே 75 டொலர், 100 டொலர் கேப்பாங்க, இங்கிலீஸ் சோதின காசு வேற. 100 டொலர் எண்டா நம்மட காசில 30,000 கிட்ட. கம்பஸ் பிள்ளையளுக்கு அரசாங்கம் குடுக்கிற மகாபொல உதவிக் காசு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு மாசம் 7500, அப்ப ஒரே ஒரு அப்ளிகேசனுக்கு நாலு மாசக் காசு, ஆறு இடத்துக்குப் போடணும் எண்டா பிள்ள எங்க போற? கெட்டிக்காரப் பிள்ளையள் வாசல்ல நிண்டு திரும்பிப் போறது இந்தச் சின்னக் காசாலதான். அண்டைக்கே மாத்திட்டன்.

இப்ப குறை. அவங்கட பேஜ்ல கார்ட்டால கட்டப் போய் ரெண்டு தரம் காசு வெட்டிட்டு. ஈமெயில் போட்டன், பதில் இல்ல, திரும்பப் போட்டன், மூணாம் கிழமதான் "பாத்துச் சொல்றம்" எண்டு ஒரு வரி வந்திச்சி. காசு வந்திட்டு, ஆனா அந்த மூணு கிழமையும் வீட்டில நான் வாங்கின பேச்சு சொல்லி முடியாது. ரிசீற்றும் கேட்டாத்தான் வரும்.

பிறகும் ஏன் விடல்ல எண்டா, 2025 செப்டம்பர் 7 இரவு. அண்டைக்கு முழுச் சந்திர கிரகணம், இவங்க வாங்கிக் குடுத்த எட்டு இஞ்சி ரெலஸ்கோப்ப பிள்ளையள் கல்லடி கடற்கரைக்குக் கொண்டு வந்திருந்தாங்க. பதினொரு மணிக்கு நிலா செங்கட்டி மாதிரி ஆகிட்டு, முகில் இடைக்கிட மறைச்சிச்சி. கிட்டவே சனி. வரிசையில நிண்ட ஒரு வாப்பா கண்ண வெச்சிட்டு "வளையம் எங்க மகள், ஒரு கோடுதானே தெரியிது" எண்டார். அந்தப் பிள்ள சிரிச்சிட்டு, இந்த வருசம் வளையம் நமக்கு விளிம்பப் பாத்தாப்போல நிக்கிது, சனி ஒரு சுத்துச் சுத்த 29 வருசத்துக்கு மேல எடுக்கும், அதில ரெண்டு தரம் இப்பிடி வரும் எண்டு மணலில வட்டம் கீறிக் காட்டினா. கதைக்கயும் மற்றக் கை குழாய்ட வாயில துணி போத்திட்டு இரிக்கு, உப்புக் காத்து கண்ணாடிய அரிச்சிரும் எண்டு.

5க்கு 4. ஒரு புள்ளி ஈமெயிலுக்கு வெட்டினது. கார்ட்டால கட்டாதீங்க, பேங்குக்குப் போய் ஸ்லிப் போடுங்க, ஸ்லிப்பில எதுக்கெண்டு எழுத மறந்திராதீங்க, இல்லாட்டி பொதுக் கணக்கில போய் விழுந்திரும்.