எச்5-ல் ராணி வந்துவிட்டால்: ராணியா, சிப்பாயா?

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடுபவர்கள் சிலர் மூன்றே நகர்த்தலில் ராணியை எச்5 கட்டத்திலும் மந்திரியை சி4-லும் நிறுத்தி, நம் ராஜாவை ஒட்டிய எஃப்7-ஐக் குறிவைப்பார்கள். கறுப்பில் ஆடும் நமக்கு இ5-ல் சிப்பாய், சி6-ல் குதிரை.

நம் ராணியை இ7-ல் வைத்தால் மேட் (ராஜா தப்பவே முடியாத செக்) தடைபடும், அவ்வளவுதான். எஃப்8 மந்திரி அடைபடும். அது வெளியே வர ராணி நகரணும், இல்லையென்றால் ஜி6 ஆடணும், அதாவது சிப்பாயை ஜி6-க்கு நகர்த்தணும்.

அதை இப்போதே ஆடலாமே! சிப்பாய் ராணியையே விரட்டும். ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐ முறைக்கும். குதிரையை எஃப்6-ல் நிறுத்தினால் கதவு சாத்தியாச்சு. மந்திரிக்கு ஜி7 காத்திருக்கும். எதிராளியின் ராணியோ தன் குதிரைக்குரிய எஃப்3-ஐ அடைத்துக்கொண்டு நிற்கும். என் ஓட்டு இதற்கே.

ஆனால் சி6 குதிரை வருமுன், இரண்டாவது நகர்த்தலிலேயே ஜி6 வேண்டாம். ராணி இ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டி, அடுத்து எச்8 யானையையும் தூக்கிவிடும். நான் அப்படிக் கொடுத்த யானைகள் கொஞ்சமல்ல.