கோடு ஒருவர் கையில், குழாய் இன்னொருவர் கையில்

அமெரிக்காவில் ஒரு நகரம் எதுவரை பரவும் என்பதைப் பெரும்பாலும் பாதாளச் சாக்கடைதான் தீர்மானிக்கிறது. செப்டிக் டேங்கை நம்பி ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம். எட்டு வீடு வேண்டுமென்றால் கழிவுநீர்க் குழாய் வந்தே ஆக வேண்டும். குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் பல இடங்களில் நகராட்சியின் சொத்து. நகர எல்லைக்கு வெளியே மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதோ கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகம். நகராட்சியைக் கேட்காமலே கவுன்டி வீடு கட்ட விடும். சில ஆண்டுகளில் செப்டிக் டேங்குகள் பொங்கத் தொடங்கியதும் அத்தனை பேரும் இணைப்புக் கேட்டு நகராட்சி வாசலில் நிற்பார்கள்.

இந்த இழுபறியைத் தீர்க்க சியாட்டில், போர்ட்லாந்து, லெக்ஸிங்டன், போல்டர் ஆகிய நான்கு நகரங்களும் வெவ்வேறு வழிகளில் போயிருக்கின்றன. என் சாய்வு போல்டர் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிகம் கற்றுத் தருவது சியாட்டில்.

வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டிலின் கிழக்கு ஓரத்தில் வாஷிங்டன் ஏரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. தனித்தனிச் சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் கழிவுநீரை ஏரியில் விட்டன. நீர் சுத்திகரிக்கப்பட்டதுதான், பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் மட்டும் அதிலிருந்து போகவில்லை. 1955இல் வாஷிங்டன் பல்கலைக்கழக விலங்கியலாளர் டபிள்யூ. டி. எட்மண்ட்சனின் குழு ஏரியில் ஆசிலட்டோரியா ரூபெசென்ஸ் என்ற பாசியைக் கண்டது. ஐரோப்பாவில் சூரிச் ஏரி கெட்டபோது தலைகாட்டிய அதே பாசி. ஏரியின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்குவார்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழமே கணக்கு. 1960களின் தொடக்கக் கோடைகளில் அந்தத் தட்டு ஒரு மீட்டர் ஆழத்தைத் தொடும்போதே மறைந்துவிட்டது.

ஏரி ஒன்று, அதைச் சுற்றி நிர்வாகங்கள் பல. யாரும் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞர் முன்னின்று, எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பை உருவாக்க வழிசெய்யும் சட்டத்தை 1957இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். அந்த அமைப்புக்கு மெட்ரோ என்று பெயர். 1958 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் கழிவுநீர், போக்குவரத்து, வளர்ச்சித் திட்டமிடல் ஆகிய மூன்று பொறுப்புகளையும் அதற்குத் தரக் கேட்டார்கள். சியாட்டில் வாக்காளர்கள் ஆதரித்தார்கள். புறநகர் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். தங்கள் ஊர் எப்படி வளர வேண்டும் என்று வேறொருவர் சொல்வதை யார்தான் விரும்புவார்கள்? அதே ஆண்டு செப்டம்பரில் கழிவுநீரை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லையையும் சுருக்கி மறுபடி கேட்டார்கள். நிறைவேறியது.

மெட்ரோவின் ஏற்பாடு எளிமையானது. தெருக் குழாய்களை அந்தந்த ஊரே வைத்துக்கொள்ளும். பெருங்குழாய்களும் சுத்திகரிப்பும் மெட்ரோவின் வேலை. அதற்கான கட்டணத்தை ஊர்கள் நீண்டகால ஒப்பந்தப்படி மொத்தமாகச் செலுத்தும். 1963 முதல் 1968க்குள் ஏரிக்குப் போன கழிவுநீர் முழுவதும் திருப்பிவிடப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் அதே வெள்ளைத் தட்டு ஏழு மீட்டர் ஆழத்திலும் தெரிந்தது. ஏரிகளை மீட்ட கதைகளில் உலகம் முழுக்கப் பாடமாக நடத்தப்படுவது இது.

ஆனால் மார்ச்சில் கைவிட்ட அந்தத் திட்டமிடல் பொறுப்பு? பெருங்குழாய்கள் கிழக்கே போன வழியில் மனைப்பிரிவுகளும் போயின. குழாய் போட்டவர்களுக்கு ஏரியைக் காப்பாற்றும் அதிகாரம் இருந்தது. வீடுகள் எங்கே வரலாம், எங்கே கூடாது என்று சொல்லும் அதிகாரம் இல்லை. நகரம் இதுவரைதான் பரவலாம் என்று காட்டும் கோட்டை, அதாவது நகர வளர்ச்சி எல்லையைக் கவுன்டிகள் வரைய வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது 1990இல்தான். இடையில் போனவை 32 ஆண்டுகள். அதே 1990இல், மெட்ரோ மன்றத்தின் அமைப்பு ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கோட்பாட்டை மீறுகிறது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெட்ரோ 1994இல், சியாட்டில் அடங்கிய கிங் கவுன்டியோடு இணைக்கப்பட்டது. தாமதமாகத்தான் என்றாலும், கோடும் பெருங்குழாயும் ஒரே கூரைக்குள் வந்தன.

வந்த பின் கிங் கவுன்டி கண்டிப்பாகவே இருக்கிறது. எல்லைக்கு வெளியே கிராமப் பகுதியிலிருக்கும் சில பள்ளிகளுக்குக் குழாய் விட நேர்ந்தால்கூட, அந்தப் பள்ளியின் தேவைக்கு மட்டும் போதுமான அளவில், வழியில் வேறு யாரும் இணைப்பு எடுக்க முடியாத தனிக் குழாயாகத்தான் விட அனுமதிக்கிறார்கள். இந்த ஒரு நிபந்தனை பத்து அறிக்கைகளுக்குச் சமம். தடித்த குழாயைப் பதித்துவிட்டு ‘இது பள்ளிக்கு மட்டும்’ என்று சொன்னால் எந்த மனை வியாபாரி நம்புவார்?

போர்ட்லாந்து இதற்கு நேர் எதிர்: அங்கே கோடு முதலில் வந்தது. ஓரிகன் மாநிலத்தின் 1973ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை அடியொற்றி, மூன்று கவுன்டிகளையும் 24 நகரங்களையும் சுற்றி 1979இல் வளர்ச்சி எல்லை வரையப்பட்டது. அதைக் காப்பது மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வட்டார நிர்வாகம். அதன் பெயரும் மெட்ரோதான். ஆனால் கழிவுநீர்க் குழாய்கள் அதன் கையில் இல்லை. அவை நகராட்சிகளிடமும் தனிச் சேவை அமைப்புகளிடமும் இருக்கின்றன. அவற்றில் சில மிகத் திறமையானவை. போர்ட்லாந்தை அடுத்துள்ள வாஷிங்டன் கவுன்டியில் டுவாலட்டின் ஆறு நாறியபோது மாநிலம் புதுக் கட்டடங்களுக்கே தடை விதித்தது; 1970இல் மக்கள் வாக்களித்து, சிதறிக் கிடந்த 26 சிறு நிலையங்களை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள்.

கோடு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓரிகனில் உள்ள டமாஸ்கஸ் என்ற ஊர் சாட்சி. 2002இல் போர்ட்லாந்தின் மெட்ரோ, வளர்ச்சி எல்லையை 18,000 ஏக்கருக்கு மேல் விரித்தது. அதில் பெரும்பகுதி போர்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள டமாஸ்கஸ் வட்டாரம். குன்றுகளும் செங்குத்தான ஓடைப் பள்ளங்களும் நிறைந்த நிலம் அது. கழிவுநீர் தன் போக்கில் ஓட வேண்டுமானால் சரிவு ஒரே பக்கமாக இருக்க வேண்டும். குன்றுக்குக் குன்று சரிவு மாறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் உந்து நிலையம் வைத்து நீரை மேலேற்ற வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்கு இந்தச் செலவு உறைக்கவில்லை. 2004இல் மக்கள் டமாஸ்கஸைத் தனி நகரமாக்கிக்கொண்டார்கள். குழாய்க்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் கழிந்தன. வளர்ச்சித் திட்டங்கள் வாக்கெடுப்பில் அடுத்தடுத்துத் தோற்றன. கடைசியில் 2016இல் அந்த மக்களே நகராட்சியைக் கலைத்துவிட வாக்களித்தார்கள்!

லெக்ஸிங்டன் கதை சுருக்கமானது. கென்டக்கியின் குதிரைப் பண்ணைகளைக் காக்க 1958இலேயே அங்கே, நகரச் சேவைகள் இதுவரைதான் என்று ஒரு சேவை எல்லை போட்டார்கள். நாட்டில் இத்தகைய எல்லைகளில் முதலாவது அது. 1974இல் நகரமும் ஃபேயெட் கவுன்டியும் ஒரே நிர்வாகமாயின. எல்லைக்கு வெளியே புது மனையின் குறைந்தபட்ச அளவு 1999இல் 40 ஏக்கராக உயர்ந்தது. சண்டை போட எதிர்த்தரப்பே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு இல்லாத வீட்டில் கணக்குக் கேட்கவும் ஆள் இருப்பதில்லை. கோட்டைக் காத்த நிர்வாகம் குழாய்களைக் கவனிக்கத் தவறியது. மழை நாள்களில் கழிவுநீர் பொங்கி ஓடைகளில் கலந்ததற்காக 2006இல் மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுச் சீரமைப்புக்குக் கட்டுப்படும் தீர்ப்பாணை 2011இல் வந்தது.

கொலராடோவின் போல்டரில் நகரமும் கவுன்டியும் இன்றும் இரண்டாகவே இருக்கின்றன. அங்கே பாடம் நீதிமன்றத்தில் தொடங்கியது. நகருக்கு வெளியே, கன்பேரல் பகுதியில் நிலம் வைத்திருந்தவர்கள் வீடு கட்ட அனுமதி கேட்டார்கள். முதலில் குடிநீர், கழிவுநீர் இணைப்பு வாங்கி வாருங்கள் என்றது கவுன்டி. எங்கள் வளர்ச்சிக் கொள்கைக்கு ஒவ்வாது என்று மறுத்தது நகராட்சி. கொலராடோ உச்ச நீதிமன்றம் 1976இல் நிலக்காரர்கள் பக்கம் நின்றது: அந்தப் பகுதியில் சேவை தரக்கூடிய ஒரே அமைப்பு நீங்கள்தான், கொள்ளளவு போதவில்லை என்று மறுக்கலாம், ஊர் வளரக் கூடாது என்பதற்காக மறுக்கக் கூடாது. குழாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்க முடியாது என்று அன்று உறைத்தது.

அதற்குப் பிறகுதான் நகரமும் கவுன்டியும் சேர்ந்து வகுத்த கூட்டுத் திட்டம் பல் முளைத்து எழுந்தது. நிலம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது: நகருக்குள் இருப்பது, நகரோடு சேர்ந்த பிறகே கட்டலாம் என்பது, கிராமமாகவே இருக்க வேண்டியது. கிராமப் பகுதியில் நகர அடர்த்திக்கு அனுமதி தருவதில்லை என்று கவுன்டி தானே ஒப்புக்கொண்டது. கவுன்டியே அனுமதி மறுத்துவிட்டால் குழாய் கேட்டு யார் வரப்போகிறார்கள்? கிராமப் பகுதியை வளர்ச்சிக்குத் திறக்க நகர மன்றம், நகரத் திட்டக் குழு, கவுன்டி ஆணையர்கள், கவுன்டித் திட்டக் குழு என நான்கு அவைகளும் இசைய வேண்டும். ஒரு தேர்தலில் ஒரு பக்கம் ஆள் மாறினாலும் கோடு நகராது. மற்ற மூன்று ஏற்பாடுகளிலும் இல்லாத இந்தப் பிடிப்புக்காகத்தான் நான் போல்டரைத் தேர்கிறேன்.

விலை என்னவென்று கேட்டால், முதலில் கன்பேரலையே பார்க்கலாம். அங்குள்ள குடியிருப்புகளில் பெரும்பாலானவை நகரத்தின் குழாயில் இணைந்திருந்தாலும் இன்றும் நகர எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. கட்டணத்தை நிர்ணயிக்கும் நகர மன்றத்துக்கு அங்கே வசிப்பவர்களால் வாக்களிக்க முடியாது. அடுத்தது வீட்டு விலை. போல்டரில் வேலை பார்க்கும் பல பத்தாயிரம் பேர் லாங்மான்ட், லஃபாயெட், ஈரி போன்ற ஊர்களிலிருந்து தினமும் வண்டி ஓட்டி வருகிறார்கள். அவர்கள் வீட்டுக் கழிவுநீரைச் சுமப்பது அந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள். நால்வர் ஒப்புதலில் அந்த ஊர்களுக்கு இடமில்லை.