கல்லடிப் பாலத்தை எந்தக் கணினியில் வரைவது? ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64-உம்

இரண்டு படங்களை இரண்டு பழைய கணினிகளின் விதிக்குள் வரைந்து பார்த்தேன். ஒன்று, பொழுது சாயும் நேரத்து மட்டக்களப்புக் கல்லடிப் பாலம். மற்றது, எங்கள் பக்கத்து ஆட்டக் கூத்து வகையான வடமோடிக் கூத்தில் வரும் ராசா. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 இரண்டுமே 1982-இல் வந்தவை. அசல் இயந்திரம் எதுவும் என்னிடம் இல்லை. மல்ட்டிபெயின்ட் என்ற இலவச மென்பொருள் அந்தந்தக் கணினியின் விதியை மீறவிடாமல் வரைய வைக்கிறது, அது போதும். எட்டாம் ஆண்டு படிக்கும் என் மருமகள் பக்கத்தில் இருந்தாள். பாலத்தில் பாதி அவள் கை.

முதலில் விதிகள். ஸ்பெக்ட்ரமின் திரை 256 × 192 புள்ளி. அது 8 × 8 புள்ளிக் கட்டங்களாக, 768 கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறம். இருப்பது எட்டு நிறம், ஒவ்வொன்றிலும் மங்கல் ஒன்று, பளிச்சு ஒன்று. கறுப்புக்கு மட்டும் அந்த வித்தியாசம் இல்லை என்பதால் மொத்தம் பதினைந்து. ஒரே கட்டத்தில் ஒரு நிறத்தை மங்கலாகவும் மற்றதைப் பளிச்சென்றும் வைக்க முடியாது. முழுப் படமும் 6912 பைட்டுக்குள் அடங்கிவிடும்.

கொமடோரின் பலநிற முறையில் 160 × 200 புள்ளி. புள்ளி ஒவ்வொன்றும் படுக்க வைத்த செங்கல் போல, உயரத்தைவிட அகலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கட்டம் 4 × 8. அதற்குள் மூன்று நிறம் நம் விருப்பம். நான்காவது, படம் முழுவதற்கும் பொதுவான பின்னணி நிறம். தெரிவு செய்ய நிலையான பதினாறு நிறங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்தால் பதினைந்தும் பதினாறும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றே அல்ல. கறுப்பை விட்டால் ஸ்பெக்ட்ரமில் இருப்பவை நீலம், சிவப்பு, மஜெந்தா என்ற ஊதாச் சிவப்பு, பச்சை, சியான் என்ற பச்சை நீலம், மஞ்சள், வெள்ளை. எல்லாம் திருவிழாக் கடையில் தொங்கும் பலூன் நிறம். கொமடோரில் மண்ணிறம் இருக்கிறது, செம்மஞ்சள் இருக்கிறது, வெளிறிய சிவப்பு இருக்கிறது, மூன்று சாம்பல் இருக்கின்றன. அந்தப் பதினாறையும் வரிசையாக வைத்தாலே பாதி ஓவியம் போல இருக்கும். அந்த நிறத் தட்டுக்கென்று ஒரு ரசனை உண்டு. வரைபவர் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஸ்பெக்ட்ரம் கடன் கொடுக்காது.

பாலத்துக்கு வருவோம். 1924-இல் திறந்த பழைய இரும்புப் பாலம். மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள், கீழே வாவி, பின்னால் மேற்கு வானம். கொமடோரில் வானம் அழகாக வந்துவிட்டது. காரணம் உண்டு. அந்தத் தட்டில் ஊதாவும் செம்மஞ்சளும் வெளிச்ச அளவில் சமம். இரண்டையும் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியாகக் கலந்தால் புள்ளி தெரியாமல் ஒரு மாலை நிறம் பிறக்கிறது. நீலமும் மண்ணிறமும் அப்படியே சமம். வாவித் தண்ணீரின் நிழலுக்கு அதைப் போட்டேன்.

இந்தப் புள்ளிக் கலப்பைப் புரிய வைக்க மருமகளுக்கு நான் காட்டியது மருதமுனைக் கைத்தறிச் சாரன். நீளவாட்டில் ஓடும் பாவில் சிவப்பு நூல், குறுக்கே ஓடும் ஊடையில் வெள்ளை நூல். இரண்டும் சந்திக்கும் சதுரம் நாலடி தள்ளி நின்று பார்த்தால் ரோசா நிறம். நெய்தவர் ரோசா நூலே வாங்கவில்லை. பாவு நூலின் நிறம் துணியின் நீளம் முழுக்க ஓடும், ஒரு சதுரத்துக்காக நடுவில் மாற்ற முடியாது என்பதையும் அவள் விரலால் தடவிப் பார்த்தாள். கட்டத்துக்குள் நிறம் அடைபட்டுக் கிடப்பதைப் பிறகு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

ஆனால் கொமடோரில் இரும்புச் சட்டங்கள் கெட்டுப்போயின. அகலமான புள்ளியில் சரிந்த கோடு படிக்கட்டு ஆகிவிடுகிறது. கறுப்புக்குப் பக்கத்தில் சாம்பல் வைத்து நைசாக்கினோம்; அதற்கும் கட்டத்தில் ஒரு நிறம் செலவு. ஸ்பெக்ட்ரமில் அதே சட்டம் ஒற்றைப் புள்ளிக் கோடாக, ஊசி போல நின்றது.

அங்கே சிக்கல் வானத்தில். மஜெந்தாவையும் மஞ்சளையும் கலந்தால் அந்தக் கட்டத்தின் இரண்டு நிறமும் தீர்ந்துவிடும். கறுப்புச் சட்டத்துக்கு இடமில்லை. மருமகள் விடாமல் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இதுக்குள்ள கறுப்பு வெச்சா வானம் மாறுது. வானத்தத் திருத்தினா பாலம் மஞ்சளாகுது."

"அப்ப பாலத்தத் தூக்கி வை புள்ள."

மூன்று புள்ளி மேலே தூக்கினாள். பாலத்தின் மேல் விளிம்பு கட்டத்தின் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. விளிம்புக்கு மேலே கலந்த வானம். சட்டங்களுக்கு இடையே தெரியும் வானம் கலப்பில்லாத மஞ்சள். சூரியன் பாலத்துக்குப் பின்னால் இறங்குகிறது என்று சொல்லாமலே தெரிந்தது. கொமடோர் படத்தில் அந்த வெளிச்சம் இல்லை, நான் அதைத் தேடவுமில்லை. தேட வேண்டிய தேவையை அந்தத் தட்டு தரவில்லை.

பக்கத்தில் 2013-இல் திறந்த புதிய பாலத்தைக் கொமடோரில் ஒரு சாம்பலில் பின்னால் நிறுத்தி வைத்தேன். ஸ்பெக்ட்ரமில் அதை விட்டுவிட்டோம். அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. இப்போது எல்லாரும் போய்வருவது அதில்தான்.

கூத்து ராசாவில்தான் இரண்டும் உண்மையாகவே பிரிந்தன. நம் முகங்களுக்குக் கொமடோர் தட்டு நன்றாகப் பொருந்தும். மண்ணிறம் அடி, செம்மஞ்சள் மேல், வெளிச்சம் விழும் கன்னத்தில் வெளிறிய சிவப்பு. அரை மணித்தியாலத்தில் முகம் முடிந்துவிட்டது. தலையில் வைக்கும் முடியில் மஞ்சளும் வெள்ளையும், ராசாவின் உடுப்பான கரப்புடுப்பில் சிவப்பும் சாம்பலும். பார்த்தவர்கள் எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். எனக்கும் பிடித்தது. ஆனால் அதில் ராசா பகலில் நிற்கிறார், படம் எடுக்கக் கூப்பிட்டு நிறுத்தியது போல.

ஸ்பெக்ட்ரமில் முகத்துக்கு நிறமே இல்லை. சிவப்பும் கறுப்பும் வைத்தேன், பேய் ஆனது. மஞ்சளும் சிவப்பும் வைத்தேன், காய்ச்சல்காரர் ஆனார். இரண்டு இரவு விட்டுவிட்டேன். பிறகுதான், கூத்தை நான் பகலில் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கூத்தாடும் களரியில் விளக்கு வெளிச்சம். சுற்றிச் சுற்றி ஆடுபவரின் முகம் பாதி தெரியும், பாதி இருட்டில் போகும். திரை முழுவதையும் கறுப்பாக்கினேன். முகம் மஞ்சளும் கறுப்பும் மட்டும். முடி இருக்கும் கட்டங்களுக்குப் பளிச்சு, உடுப்பின் கட்டங்களுக்கு மங்கல். ஒரே கட்டத்தில் இரண்டும் கலவாது என்ற விதியே விளக்கை மேலே தொங்கவிட்டுவிட்டது. கரப்புடுப்பு கூடைபோல விரிவது கறுப்பின்மேல் வெள்ளை விளிம்பாக நன்றாகப் பிடித்தது. கூத்தை நடத்தும் அண்ணாவியாரும் அவரது மத்தளமும் இருட்டுக்குள் போய்விட்டார்கள். ஒரு வெள்ளை வேட்டித் துண்டு மட்டும் பின்னால் தெரிகிறது. கூத்துப் பார்த்தவருக்கு அது யார் என்று தெரியும்.

இந்தப் படத்தை வேறு எதற்கும் கொடுக்க மாட்டேன்.

மற்ற கணினிகள்? 1985-இல் வந்த அமீகாவில் 4096 நிறங்களிலிருந்து 32-ஐ நாமே பொறுக்கிக்கொள்ளலாம். அருமையான இயந்திரம், ஆனால் தட்டையே நாம் செய்யலாம் என்றால் படம் தொடங்கும் முன்னமே வாரம் போய்விடுகிறது. கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் போயின் 160 × 144 திரையும் நாலு நிழலும் சின்ன உருவங்களுக்கு நல்லவை. வாவியின் மாலைக்குப் போதாது.

ஒளிப்படத்தைக் கொடுத்தால் தானாகவே இந்த விதிகளுக்குள் மாற்றித் தரும் மென்பொருள்களும் உண்டு. பாலத்தின் படத்தை ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிட்டிய நிறங்களைச் சரியாகவே கண்டுபிடித்தது. எந்தக் கட்டம் பாலம், எந்தக் கட்டம் வெறும் வானம் என்று அதற்குக் கவலை இல்லை; சட்டங்கள் எல்லாம் துருப்போலச் சிதறிக் கிடந்தன.

ஆகவே என் தெரிவு இது. புதிதாகத் தொடங்குபவர், அதுவும் பிள்ளைகள், ஸ்பெக்ட்ரமில் தொடங்கட்டும். எதை விடுவது, எதை எங்கே வைப்பது என்று முதல் நாளே கேட்கும் கணினி அது. கொமடோரை இரண்டாவதாக எடுங்கள். நிறம் நிறத்தோடு எப்படிப் பழகுகிறது என்பதை அதைப்போல வேறொன்று சொல்லித் தராது. தோலின் நிறம்தான் படத்தின் உயிர் என்றால் மட்டும் நேரே கொமடோருக்குப் போகலாம். இரண்டையும் முடிந்தால் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் ஒருமுறை பாருங்கள். மடிக்கணினித் திரையில் தனித்தனியே நிற்கும் புள்ளிகள் அதில் ஒன்றோடொன்று கசிந்து கலந்துவிடும்.

மருமகள் இப்போது புதிய பாலத்தை ஸ்பெக்ட்ரம் படத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள். தண்ணீரில் விழும் அதன் நிழலாக, நீலத்தில், ஒரே வரிசைக் கட்டத்துக்குள். நேற்று இரவு பதினொரு கட்டம் முடித்திருந்தாள்.