கண்ணுக்காக வாங்கிய 27 இன்ச் மானிட்டர்: எழுத்து தங்கம், ஸ்டாண்டு தண்டம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் டிசைன் செய்கிற நண்பன் ஒருவன் லிங்க் அனுப்பியிருந்தான். நான் வைத்திருக்கும் அதே மானிட்டருக்கு மூவாயிரம் ரூபாய் குறைத்திருக்கிறார்களாம். "சாயங்காலம் ஆனா கண்ணு எரியுது மச்சான், இத வாங்கிட்டா செட் ஆவுமா?" என்று கேட்கிறான். 27 இன்ச், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), 2560க்கு 1440 பிக்சல், பளபளக்காத மேட் ஃபினிஷ் என்கிற விவரமெல்லாம் அந்த லிங்கிலேயே இருக்கிறது, நான் திரும்ப எழுதப் போவதில்லை. கம்பெனி பெயரையும் போடவில்லை. ஏனென்றால் நான் சொல்லப் போகிற குறை இந்த விலையில் வரும் நிறைய மானிட்டர்களில் இருக்கிறது.

எனக்கு வேலூரில் காட்பாடி ரோட்டில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், நடுவில் ஒன்றிரண்டு புத்தக வேலை. ஆவணியும் தையும் வந்துவிட்டால் காலையில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்வரை ஸ்கிரீன்தான். புரூஃப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தமிழில் கண்ணைக் கொல்லுவது ர-வும் துணைக்காலும். ர-வுக்கு அடியில் ஒரு சின்ன வால், காலுக்கு அது கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து பாயிண்டில் பழைய 24 இன்ச் 1080 (1920க்கு 1080 பிக்சல்) மானிட்டரில் அந்த வால் இருக்கா இல்லையா என்று முகத்தைக் கொண்டுபோய் ஸ்கிரீனில் ஒட்ட வேண்டும். புள்ளியும் அப்படித்தான், எழுத்தோடு ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரியும். அதில் ஒரு அங்குலத்துக்கு 92 பிக்சல், இதில் 109. கேட்க சின்ன வித்தியாசம்தான், ஆனால் விண்டோஸில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 125 சதவீதம் வைத்து, எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப்பை ஒரு தடவை ஓட்டிச் சரிசெய்த பிறகு, சாய்ந்து உட்கார்ந்தபடியே வால் தெரிகிறது. முன்னால் குனிவது நின்றதே பெரிய நிம்மதி. பெரிசா இருந்தா நல்லது என்று 27 இன்ச்சில் 1080 வாங்கிவிடாதே. அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்து பெரிதாகும், தெளிவு பழசைவிட மோசமாகும்.

மெனுவில் ஷார்ப்னஸ் என்று ஒன்று இருக்கும், அதை ஏற்றினால் தெளிவாகும் என்று பலர் ஏற்றிவிடுவார்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடும், கண் அதோடுதான் மல்லுக்கட்டும். கம்பெனி வைத்த இடத்திலேயே விடு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஃப்ளிக்கர் இல்லை. பிரைட்னஸைக் குறைப்பதற்காகச் சில மானிட்டர்கள் பின்னால் இருக்கும் விளக்கை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போடும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியாகக் காட்டும். எனக்குக் காட்டியது. கடையிலேயே பார்த்துவிடலாம்: வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரைட்னஸை நன்றாக இறக்கி, ஸ்கிரீனுக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறு. பென்சில் ஒரே மங்கலாக இழுபட்டால் நல்லது. தனித்தனியாக ஐந்தாறு பென்சில் நிற்பதுபோல் தெரிந்தால் அந்த மானிட்டரை வைத்துவிட்டு வந்துவிடு. கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பிரைட்னஸ் விஷயத்தில்தான் எல்லோரும் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஷோரூம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக உச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள், 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைக்கும் போகும். டியூப்லைட் போட்ட சாதாரண அறைக்கு 100, 120 போதும். அளக்க மீட்டர் வேண்டாம். ஒரு ஏ4 தாளை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்து, ஸ்கிரீனிலும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிகிறவரை இறக்கு. என் கடையில் மெனுவில் பிரைட்னஸ் எண் பகலில் 28, இருட்டிய பிறகு 15. முதல் இரண்டு மூன்று நாள் மங்கலாக இருப்பதுபோல் தோன்றும், அப்புறம் பழகிவிடும். அப்புறம் வெயில். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைக் கண்ணாடிக் கதவு மேற்கே பார்த்தது, நாலு மணிக்கு ரோட்டிலிருந்து அடிக்கிற வெளிச்சம் ஸ்கிரீனில் நேராக விழுந்தால் மேட் ஃபினிஷும் கைகொடுக்காது. மேசையைத் திருப்பிக் கதவு பக்கவாட்டில் வருகிற மாதிரி போட்டேன். முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், ஸ்கிரீனுக்குப் பின்னாலும் வேண்டாம்.

பெட்டி மேல் ஒட்டியிருக்கும் 'கண்ணுக்கு இதம்' மோடு பற்றி நண்பன் தனியாகவே கேட்டான். அதைப் போட்டால் நீலஒளி குறைந்து ஸ்கிரீன் மஞ்சளாகும், கூடவே பிரைட்னஸ் மெனு பூட்டிக்கொள்ளும்! கண்ணுக்கு உண்மையிலேயே உதவுகிற ஒரே செட்டிங்கைப் பூட்டிவிட்டு இதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அந்த மோடில் சந்தன நிறத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது, பத்திரிகை வேலைக்கு ஆகவே ஆகாது. நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல், மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. அந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே.

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். அதில் மேல் பாதி தூரத்துக்கு, அடிப்பாகம் படிக்க, நடுவில் ஒரு குறுகலான இடம்தான் ஸ்கிரீன் தூரத்துக்கு. எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கணும் என்று. வெறும் கண்ணோடு பார்க்கிறவர்களுக்கு அது சரி. புரோகிரசிவ் போட்டவர் அந்த உயரத்தில் வைத்தால் எழுத்து தெரிய முகவாயைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும், நாள் முழுக்கப் புரைக்கேறியவர் மாதிரி அண்ணாந்துகொண்டே வேலை செய்ய வேண்டும். பிடரி பிடித்துக்கொள்ளும், அதிலிருந்து தலைவலி, பழியெல்லாம் கண் மேல். எங்களுக்கு மானிட்டர் இன்னும் நாலைந்து விரற்கடையாவது கீழே இறங்கி, லேசாக மேல்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். இந்த ஸ்டாண்டு சாயும், ஆனால் இறங்காது. திரைக்கு அடியில் அரை ஜாண் வெற்றிடம் அப்படியே நிற்கிறது, அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான். கஸ்டமர் கேரில் உயரம் மாற்றுகிற ஸ்டாண்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். அடியில் இரண்டு தடிப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றார்கள். எனக்கு இறக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் அதே பதில்.

பின்னால் 100க்கு 100 மில்லிமீட்டரில் நாலு திருகு ஓட்டை இருக்கிறது, அது மட்டும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த ஓட்டையில் மாட்டி மானிட்டரை ஏற்றி இறக்குகிற மானிட்டர் ஆர்ம் வாங்கினேன். மேசை ஆசாரி செய்தது, பலகைக்கு அடியில் விளிம்போடு இரண்டு இன்ச் சட்டம் ஓடுகிறது, கிளாம்ப் வாய் பிடிக்கவில்லை. ஆசாரியையே கூப்பிட்டுப் பலகையில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினோம். இப்போது திரையின் அடி விளிம்பு கீபோர்டைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. பிடரி வலி போய்விட்டது. புத்தக வேலை வரும்போது செங்குத்தாகத் திருப்பி வைத்தால் ஏ4 பக்கம் முழுசாக ஒரே பார்வையில் தெரிகிறது, அந்த சுகத்தை ஸ்டாண்டோடு நான் அனுபவித்திருக்கவே முடியாது.

கண்ணாடியையும் பார்த்துக்கொள். படிக்கிற தூரம் 40 செ.மீ., ஸ்கிரீன் 65 செ.மீ., இரண்டுக்கும் தேவைப்படும் பவரில் கிட்டத்தட்ட 1 வித்தியாசம் வருகிறது. டேப் வைத்து ஸ்கிரீன் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போ. ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியோ, உங்கள் ஊர் டாக்டரோ, அந்த அளவைச் சொல்லிக் கேட்டால் வேலைக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள். ஃபேன் முகத்துக்கு நேராக வேண்டாம். ஸ்கிரீனைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும், அதில் அக்னி நட்சத்திரத்துச் சூடான காற்றும் சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத்தான் இருக்கும். மச்சான், இதை வாங்காதே. எழுத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன், ஆனால் உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, குறைத்த மூவாயிரமும் ஆர்முக்கும் ஆசாரி கூலிக்கும் சரியாகப் போய்விடும், அதுவும் ஆபீஸ் மேசையில் ஓட்டை போட உன் மேனேஜர் விடமாட்டார். இதே பேனல் அளவில், கீழே இறங்குகிற ஸ்டாண்டோடு வருவதைத் தேடு. படத்தில் உயரமாகக் காட்டியிருப்பார்கள், அதை நம்பாமல் விவரப் பட்டியலில் எவ்வளவு மில்லிமீட்டர் ஏறி இறங்கும் என்று பார், 100க்கு மேல் இருந்தால் லிங்க் அனுப்பு.